பனிமலையில் பிறந்த வண்ணக் கெண்டை

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வாங்கப் போகிறவர்கள் கோய் கெண்டையைக் கடந்து வருவது கடினம். வெள்ளை உடலில் குங்குமச் சிவப்புத் திட்டுகள். பூர்வீகம் எது என்று கேட்டால் ஒருவர் ஜப்பான் என்பார், இன்னொருவர் சீனா என்பார். இந்த மீனை முதன்முதலில் யார், எதற்காக வளர்த்தார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது.

தங்கமீனைத் தேடலின் தொடக்கத்திலேயே விலக்கிவைத்தேன். அது சீனாவில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு சிறிய கெண்டை இனத்திலிருந்து உருவானது. அதற்கு மீசை கிடையாது. கோய்க்கு இரண்டு ஜோடி மீசைகள் உண்டு. அது நாம் குழம்பு வைக்கிற சாதாக் கெண்டையின் நெருங்கிய உறவு.

இனி மரபணு. ஜப்பானின் பிவா ஏரியில் அந்நாட்டுக்கே உரிய பழைய காட்டுக் கெண்டை வாழ்கிறது. கோய் அதன் வழி வந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கோய் மீனின் தாய்வழி மரபணு, ஆசியப் பெருநிலத்துக் கெண்டைகளோடு சேருகிறது. ஆக, சீனா என்றவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கடல் கடந்து வந்த மீனுக்கு இந்த நிறம் எங்கே வந்தது என்பதுதான் மிச்சம். அதற்கு ஜப்பானின் நீகாதா மாகாணத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அங்கே நாகாவோகா நகரிலிருந்து யமகோஷி என்ற மலையூருக்கு ஏறும் பாதையில் அடுக்கடுக்காக நெல்வயல்கள். அவற்றுக்கு மேலே சின்னச் சின்னக் குளங்கள். குளிர்காலத்தில் இங்கே ஆள் உயரத்துக்கும் மேல் பனி விழும். முன்பெல்லாம் மாதக்கணக்கில் வெளியூர்ப் போக்குவரத்தே இருக்காது. உருகும் பனிநீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சத்தான் அந்தக் குளங்களை வெட்டினார்கள். அதே குளங்களில் கெண்டையும் விட்டார்கள், பனிக்கால உணவுக்காக. அழகு பார்க்க அங்கே யாருக்கு நேரம் இருந்தது?

1804க்கும் 1830க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் கருத்த மீன்களுக்கிடையே சிவப்பும் வெள்ளையுமாகச் சில தோன்றின. ஒதுங்கிய ஊர், சின்னக் குளம், சில தாய்மீன்கள். திரும்பத் திரும்ப நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகும்போது மறைந்து கிடக்கும் குணங்கள் மேலே வரும். அறிவியல் விளக்கம் அவ்வளவுதான். ஆனால் நிறம் மாறிப் பிறப்பது எந்தக் குளத்திலும் நடக்கக்கூடியது. இங்கே மட்டும் அந்த மீன் சட்டிக்குப் போகாமல் அடுத்த வசந்தம்வரை உயிரோடு இருந்திருக்கிறது. பசி தெரிந்த ஒரு வீட்டில், தின்ன வைத்திருந்த மீனை யாரோ தின்னாமல் விட்டிருக்கிறார்கள். இந்தத் தேடலில் என் மனசைத் தொட்டது அந்த முடிவுதான். கோய் மீனின் பிறப்பு அதுதான் என்பேன்.

அப்புறம் வந்தது பொறுமையின் காலம். சிவப்பையும் வெள்ளையையும் கலந்து கலந்து, 1880களில் கோஹாகு வகை உருப்பெற்றது. 1914இல் மலையூர்க்காரர்கள் தங்கள் மீன்களை டோக்கியோவில் உவேனோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார்கள். அவற்றில் சில பட்டத்து இளவரசருக்குப் பரிசாகப் போயின. அதுவரை மலையை விட்டு அதிகம் வெளியே தெரியாத மீனுக்கு நாடெங்கும் பெயர் வந்தது.

தாகேஸாவா ஊரைச் சேர்ந்த அவோகி சவாதாவின் கதையை இன்னும் விரிவாகச் சொல்ல ஆசை. 1921இல், முதுகில் பொன்மின்னல் ஓடிய ஒரு காட்டுக் கெண்டை அவருக்குக் கிடைத்தது. அதன் வாரிசுகளில் மின்னல் கூடியதை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் தேர்ந்து வளர்த்தார், மகனும் சேர்ந்துகொண்டார். முழுப் பொன்னாக ஓகோன் என்ற கோய் வகை வந்தது 1946இல். நடுவே ஒரு உலகப்போரே வந்து போயிருந்தது.

நம் பக்கத்துச் சொந்தம் ஒன்றும் உண்டு. உடலில் செதில்கள் குறைந்த ஜெர்மானியக் கண்ணாடிக் கெண்டை, உணவுக்காக 1904இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தது. முதுகில் நீலச் செதில் வரிசை ஓடும் ஷூசுயி என்ற கோய் வகை அதன் வழியில் வந்ததே. அதே கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கும் வந்தது. நீலகிரி நீர்நிலைகளில் உணவுமீனாகவே தங்கிவிட்டது.

2004 அக்டோபர் 23 நிலநடுக்கத்தில் யமகோஷியின் மலைச்சரிவுகள் பெயர்ந்தன, குளங்கள் பிளந்து வற்றின, பாதைகள் அறுந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்மக்களை ஹெலிகாப்டரில் வெளியேற்றினார்கள். உயிர் தப்பிய மீன்களும் பின்னர் ஹெலிகாப்டரில்தான் மலையிறங்கின. பல தலைமுறைகளின் தேர்வு அந்தத் தாய்மீன்களுக்குள் இருந்ததால், அவற்றை விட்டுவிட்டு வர வளர்த்தவர்களால் முடியவில்லை. பிறகு திரும்பி வந்து மறுபடியும் குளம் வெட்டினார்கள்.

நான் போனபோது அறுவடை முடிந்த இலையுதிர்காலம். மார்பளவு சேற்றுநீரில் இறங்கி, குளத்தை வற்றவிட்டு, வலையை மெல்லக் கூட்டி, பெரிய மீன்களைக் கையாலேயே தூக்கினார்கள். பனி விழும் முன் எல்லாவற்றையும் கூரைக்குக் கீழுள்ள தொட்டிக்கு மாற்றியாக வேண்டும். ஒரு தாய்மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் பெற்றோரின் அச்சாகப் பிறப்பதில்லை. அதனால் கோடையில் பலமுறை சலித்துச் சலித்து, பெரும்பாலானவற்றைக் கழித்து, சிலவற்றை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஆற்றில் விட்டுவிட்டால் சில தலைமுறைகளில் அவை பழைய கருநிறத்துக்கே திரும்பிவிடும்.