சென்னபட்டணத்துக் கடைசல் கிண்ணம்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் இருப்புப் பாதையில், சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சென்னபட்டணம். மரப் பொம்மைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். குழந்தைக்குச் செப்புச் சாமான் வாங்கும் பொருட்டு, சென்ற விடுமுறையில் குடும்பத்துடன் அங்கு இறங்கினோம். கடையில் ஒரு சிறு கிண்ணத்தின் விலையைக் கேட்டதும், "மரத்துண்டுக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசினோம். கடைக்காரர் சினம் கொள்ளாமல் எங்களைப் பின்புறத்துப் பட்டறைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே தொழிலாளி ஒருவர், நன்கு உலர்ந்த வெட்பாலை மரத்துண்டொன்றைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தினார். மின்விசையால் அது சுழன்றது. உளி பட்ட இடமெல்லாம் வெண்ணிறச் சுருள்கள் பறந்தன. வெளிப்புறம் உருண்டது, உட்புறம் குழிந்தது. பின்னர் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினார். உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தின்மீது படர்ந்தது. அதன்மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்க்கவே, கிண்ணம் கண்ணாடிபோல் மின்னிற்று.

ஆயினும் விளிம்பை விரலால் தடவியவர், மயிரிழை போன்றதொரு வெடிப்பைக் கண்டார். ஒரு சொல்லும் கூறாமல் அதனைக் கழிவுக் கூடையிலிட்டு, அடுத்த மரத்துண்டை எடுத்தார்.

நாங்கள் கடைக்குத் திரும்பிச் சொன்ன விலையைக் கொடுத்தோம். இன்று எங்கள் வீட்டுத் திண்ணையில், மகள் அக்கிண்ணத்தில் மணற்சோறு பரிமாறுகிறாள்.