இன்னொரு தடவை

2014ஆம் ஆண்டு ஜனவரி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் குடியிருந்தோம். மகளுக்கு நான்கு வயது.

நகரத்து அரசுப் பள்ளிகளில், மீத்திறன் மிக்க குழந்தைகளுக்கெனத் தனி வகுப்புகள் மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிடும். அவற்றில் சேர, நான்கு வயதுக் குழந்தை தேர்வெழுத வேண்டியிருந்தது. எழுதுவது என்றுகூடச் சொல்ல முடியாது. முன்பின் அறியாத ஒருவரின் எதிரே அமர்ந்து படங்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒத்த வயதினர் நூறு பேரில் தொண்ணூறு பேரை முந்தினால் வட்டார அளவிலான வகுப்புகளுக்குத் தகுதி. தொண்ணூற்றேழு பேரை முந்தினால், நகரம் முழுவதற்குமான ஐந்து பள்ளிகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

தேர்வு இரண்டு பகுதிகளைக் கொண்டது. வண்ண வடிவங்களுக்கிடையே விடுபட்டதைக் கண்டுபிடிக்கும் நாக்லியேரி தேர்வு அவளுக்கு விளையாட்டாகவே இருந்தது. சிக்கல் ஓட்டிஸ்-லெனானில்தான். அதில் கேள்வியை வாசித்துச் சொல்வார்கள். ஒரே ஒரு முறை மட்டும்.

பயிற்சி நிலையங்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. நானே ஆசிரியனானேன்.

"பெட்டிக்குள் முக்கோணம், அதன் மேல் வட்டம். எந்தப் படம்?"

"இன்னொரு தடவை சொல்லுப்பா."

"ஒரு தடவைதான் கண்ணு."

உதடு பிதுங்கும். நான் இளகமாட்டேன். மூன்று வாரங்களில் பழகிக்கொண்டாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அந்நாட்களில் இரவுதோறும் அவளுக்குப் பாட்டி வடை சுட்ட கதை சொல்வது வழக்கம். முடித்ததும் "இன்னொரு தடவை" என்பாள். ஒரு சொல் மாறினாலும் திருத்துவாள். ஓரிரவு கதை முடிந்தபின் பேசாமல் படுத்திருந்தாள்.

"இன்னொரு தடவை வேண்டாமா?" என்றேன்.

"ஒரு தடவைதான்னு நீதானே சொன்னே."

மறுவாசிப்பின் மேன்மையைப் பற்றி நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசியவன் நான். நல்ல நூலை முதன்முறை வாசிப்பது அறிமுகம்தான், உறவு அதற்குப் பின்னரே என்று எழுதியும் இருக்கிறேன். வாசகர்கள் முயன்று அடைவது அவளிடம் இயல்பாகவே இருந்தது. அதைக் குறை என்று நினைக்கப் பழக்கியவனும் நான்தான்.

அன்றிரவு அவள் கேட்காமலேயே கதையை இரண்டாம் முறை சொன்னேன். பாதியில் உறங்கிவிட்டாள்.

தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். தகுதி பெற்றோர் அதிகம், இடங்கள் குறைவு. நாங்கள் விரும்பிய பள்ளி கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் நகரக் கல்விக் குழு அத்தேர்வுக்கான ஒப்பந்தத்தை நீட்டிக்க மறுத்தது. ஆசிரியர் பரிந்துரையும் குலுக்கலும் அதன் இடத்துக்கு வந்தன. செய்தியைச் சொன்னபோது, "அப்படி ஒரு பரீட்சை எழுதினேனா?" என்று கேட்டாள்.

அவளுக்கு நினைவில்லை. ஆனால் எதையும் ஒரு முறை சொன்னாலே போதும், பிடித்துக்கொள்கிறாள் என்று ஆசிரியர்கள் இன்றும் மெச்சுகிறார்கள். கேட்டுக்கொண்டு நிற்கிறேன். மகிழ வேண்டிய இடத்தில், என்னால் முழுதாக மகிழ முடிவதில்லை.