தொண்ணூற்றாறு துண்டுகள்

ஜேர்மனியில் பிறந்தநாள் காண்பவரே மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவருதல் வேண்டும் என்பது வழக்கம். தொழிலகமாயினும் பாடசாலையாயினும் இதுவே முறை. எமது பிள்ளைகளும் இந்நாட்டுப் பாடசாலைகளில் இதனைக் கண்டு பழகியவர்கள். ஆதலால் சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கும் அவர்கள் கேக் கொண்டுவரத் தொடங்கினர். முதலில் ஒரு சிறு பெட்டியில் வெட்டிய துண்டுகள் வந்தன. பின்னர் பெயர் பொறித்த கேக் வந்தது. அதற்கும் பின்னர் பலூன்களும், வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பரிசுப் பைகளும் வந்தன. கொண்டுவந்த பெற்றோர் எவரையும் நாம் குறைகூற முற்படவில்லை. தம் பிள்ளையைக் கொண்டாட விரும்பாத பெற்றோர் உண்டோ?

ஆனால் வரவு இடாப்பு வேறொரு செய்தியைச் சொல்லிற்று. ஊரில் ஆசிரியராக இருந்த காலம் முதல், ஆண்டிறுதியில் இடாப்பை ஒருமுறை முழுவதும் புரட்டிப் பார்ப்பது எமது வழக்கம். ஐந்து பிள்ளைகள் மழையிலும் பனியிலும் தவறாது வருபவர்கள். அவர்களுடைய வரிசையில் ஆண்டுக்கு ஒரேயொரு வெற்றிடம் இருந்தது. முதற்பக்கத்திலுள்ள பிறந்த திகதிகளோடு ஒப்பிட்டபோது காரணம் விளங்கிற்று. பிறந்தநாளை அடுத்துவரும் சனிக்கிழமையே அந்த வெற்றிடம். முந்திய ஆண்டின் இடாப்பிலும் அவர்களுள் மூவருக்கு அவ்வாறே காணப்பட்டது. அவர்கள் யார் என்பது இம்மலரில் எழுதத்தக்கதன்று. கேக்கும் பரிசுப் பைகளும் வாங்க இயலாத வீடுகள் எம்மிடையே இன்றும் உண்டு என்பதைப் பெற்றோர் மனங்கொண்டால் போதும்.

பெற்றோர் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தோம். ஒரு தாயார் எழுந்து, "எங்கட பிள்ளையின்ர சந்தோசத்தை ஏன் மாஸ்டர் தடுக்கிறீங்கள்?" என்று வினவினார். நியாயமான வினா. வீட்டில் அவரவர் விரும்பியவாறு கொண்டாடட்டும், வகுப்பில் ஆண்டுக்கு மூன்று முறை மட்டும், அந்தந்த நான்கு மாதங்களில் பிறந்தவர் எல்லோருக்குமாக ஒரே பெரிய கேக் வெட்டுவோம் என்று நெடுநேரம் பேசி முடிவாயிற்று. மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பது எமது மரபன்று என்றார் ஒரு பெரியவர். அது இந்நாட்டின் பழைய வழக்கந்தான். 1801 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28 ஆம் திகதி, கவிஞர் கேத்தே தமது பிறந்தநாளைக் கோதா நகரில் கொண்டாடியபோது, ஏறத்தாழ ஐம்பது மெழுகுவர்த்திகள் எரிந்த கேக் ஒன்று கொண்டுவரப்பட்டதாக அவரே எழுதிவைத்துள்ளார். பெரியவரின் சொல்லையும் தள்ள மனமில்லை. மணல் நிரப்பிய தட்டொன்றில் மெழுகுவர்த்திகளை நட்டு, குத்துவிளக்கிலிருந்து பிள்ளைகளே ஏற்றுவது, எவரும் ஊதுவதில்லை என்று இணங்கினோம்.

கேக்கை யார் செய்வது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. கடையில் சொன்ன விலை எமது மண்டபத்தின் ஒரு மாத வாடகைக்குக் கிட்டியது. சபை அமைதியாயிற்று. "நாம் செய்கிறோம்" என்று சொல்லிவிட்டோம். அதுநாள் வரை எமது கையால் ஆன பண்டங்களில் மிகவும் சிக்கலானது புட்டு.

மாணவர்களே, பெரிய கேக் என்பது முதலில் ஒரு கணக்கு. 20 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரத் தட்டின் பரப்பு 400 சதுர சென்ரிமீற்றர். பக்கத்தை இரு மடங்காக்கினால் பரப்பு 1600 ஆகிவிடும். ஆகவே தட்டு இரு மடங்கு நீளமானால் மாவும் இரு மடங்கு போதும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். எமக்கு ஏறத்தாழ தொண்ணூறு பேருக்குத் துண்டு வேண்டும். ஒரு துண்டு 5 சென்ரிமீற்றர் சதுரமெனின் 25 சதுர சென்ரிமீற்றர். 60 நீளமும் 40 அகலமும் கொண்ட கேக்கில் நீளப்பக்கம் பன்னிரண்டு, அகலப்பக்கம் எட்டு, ஆகத் தொண்ணூற்றாறு துண்டுகள் கிடைக்கும். அத்துணைப் பெரிய கேக்கை ஏற்கும் வெதுப்பி எமது சிறிய வீட்டில் இல்லை. இருந்தாலும் ஒரே தட்டில் சுடுவது உகந்ததன்று. சூடு வெளியிலிருந்து உள்ளே செல்வதால், நடுப்பகுதி வேகுமுன் ஓரங்கள் காய்ந்துபோகும். 30க்கு 20 அளவில் நான்கு கேக்குகளைச் சுட்டு ஒட்டிவிட்டால் கணக்குச் சரி. அந்த அளவில் ஒரு தட்டைப் பெற்றோர் ஒருவர் இரவல் தந்தார். வெதுப்பி ஒன்றே ஆதலால் தட்டும் ஒன்றே போதுமானது.

கலவைக்கு எமது ஊர்ப் பட்டர் கேக்கின் முறையையே எடுத்துக்கொண்டோம். பட்டரும் சீனியும் கோதுமை மாவும் முட்டையும் சம நிறை. அதைவிட நினைவில் வைப்பதற்கு இலகுவான சமையற் குறிப்பு உலகில் இல்லை. இந்நாட்டில் பட்டர் 250 கிராம் பொதியாக வருகிறது. ஓடு நீங்கலாக ஒரு முட்டை ஏறத்தாழ 50 கிராம். ஆகவே ஒரு தட்டுக்கு ஒரு பொதி பட்டர், ஐந்து முட்டை, 250 கிராம் சீனி, 250 கிராம் மா. நான்கு தட்டுக்கும் ஒவ்வொரு கிலோவும் இருபது முட்டைகளும்.

தராசு எம்மிடம் இல்லை. உடுப்பு மாட்டும் கொளுவி ஒன்றை ஆணியில் தொங்கவிட்டு, அதன் இரு முனைகளிலும் ஒரே அளவான இரண்டு பைகளைக் கட்டினோம். ஒரு பையில் பிரிக்காத பட்டர்ப் பொதியை வைத்து, மற்றதில் கொளுவி சமநிலைக்கு வரும்வரை மாவை இட்டோம். பட்டரே படிக்கல்லாயிற்று. உதவிக்கு வந்த ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவருள் ஒருவர், "சேர், இது கேக்கோ பௌதிக பாடமோ?" என்று கேட்டார். இரண்டுந்தான் என்றோம்.

மின்சார அடிகருவியும் இல்லை. மர அகப்பையும் பெரிய பாத்திரமுமே கருவிகள். குளிர்காலமாதலால் பட்டரைச் சூடாக்கியின் அருகே ஒரு மணி நேரம் வைத்து இளகச் செய்தோம். உருகவிடலாகாது. உருகிய பட்டர் காற்றைப் பிடித்துவைக்காது. பட்டரையும் சீனியையும் அடிப்பதன் நோக்கமே, சீனி மணிகளின் கூரிய விளிம்புகள் பட்டருக்குள் நுண்ணிய காற்றறைகளை உண்டாக்குவதுதான். மஞ்சள் நிறம் வெளிறி, கலவை பஞ்சுபோல ஆகும்வரை அடித்தல் வேண்டும். கையால் அடிக்க இருபது நிமிடம் சென்றது. மூவரும் மாறி மாறி அடித்தோம். முட்டைகளை ஒவ்வொன்றாகவே சேர்க்க வேண்டும். அவையும் குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே வரலாகாது. குளிர்ந்த முட்டையால் கலவை திரையும். திரைந்தால் ஒரு கரண்டி மாவைச் சேர்த்துக் கலக்க, மீண்டும் சேர்ந்துகொள்ளும். இறுதியில் மாவை அரித்து இட்டு, மென்மையாகக் கலத்தல் போதும். மாச் சேர்ந்தபின் வலிந்து அடித்தால் கேக் பாணைப்போல் இறுகிவிடும்.

பேக்கிங் பவுடரைப் பற்றியும் ஒரு சொல். பீலஃபெல்ட் நகரில் மருந்துக்கடை நடத்திய அவுகுஸ்ட் ஓட்கர் என்பவர், 1891 ஆம் ஆண்டு முதல் அதனை ஓர் இறாத்தல் மாவுக்கு ஒரு பொதி என அளந்து விற்றார். இன்றும் இந்நாட்டுக் கடைகளில் அரைக் கிலோ மாவுக்கு ஒரு பொதி என்றே விற்கின்றனர். எமக்கு ஒரு தட்டுக்கு அரைப் பொதி. நான்கு தட்டுக்கான கலவையையும் ஒன்றாகச் செய்து வைத்தால் என்ன என்று மாணவர் கேட்டனர். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டவுடன் வாயுவை வெளியிடத் தொடங்கும். காத்திருக்கும் கலவையின் எழுச்சி குன்றும். ஒரு தட்டு வேகும்போது அடுத்ததை அடிப்பதே முறை.

இவ்விடத்தில் ஊர் நினைவு வராமற் போகாது. 1990 இற்குப் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய் யானை விலை. அக்காலத்தில் அயலில் இருந்த ஓர் ஆச்சி, பெரிய சட்டியில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, அதன்மேல் கேக் தட்டை வைத்து மூடி, மூடியின்மேல் சிரட்டைத் தணலைக் கொட்டி வேகவைப்பார். வெப்பமானி ஏதும் இல்லை. மூடியருகே கையை நீட்டி, தணல் கூடியதோ குறைந்ததோ என்று சொல்வார். வெந்ததை அறிய ஓர் ஈர்க்கு. எமது வெதுப்பியில் 170 பாகை என்று எழுதியிருந்தது. ஆனால் வலப்பக்கம் மட்டும் விரைந்து சிவந்தது. இருபதாவது நிமிடத்தில் தட்டைத் திருப்பி வைத்தோம். முப்பத்தைந்தாவது நிமிடத்தில், ஈர்க்குக்குப் பதிலாகப் பின்னல் ஊசியொன்றை நடுவில் குத்திப் பார்த்தோம். மா ஒட்டாமல் வந்தது. மாலை நான்கு மணிக்குத் தொடங்கிய வேலை இரவு ஒன்பதரைக்கு முடிவுற்றது. முட்டை உண்ணாத நான்கு பிள்ளைகளுக்காகத் தயிர் சேர்த்த சிறு கேக் ஒன்றை ஒரு தாயார் தம் வீட்டில் செய்தார்.

60க்கு 40 கேக்கைப் பேருந்தில் கொண்டுசெல்ல இயலாது. நான்கையும் தனித்தனியே அட்டைப்பெட்டிகளில் வைத்து எடுத்துச் சென்றோம். மண்டபத்தில், எமது புத்தக அலுமாரியிலிருந்து கழற்றிய பலகையொன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றி, அதன்மேல் அவற்றைப் பொருத்தினோம். மேற்புறம் மேடாக எழுந்திருந்த பகுதியைத் தையல் நூலை இழுத்துச் சமமாக வெட்டினோம். வெட்டிய துண்டுகள் உதவியாளர் இருவருக்கும் கூலியாயின. இடுக்குகளில் சூடாக்கிய பழப்பாகைப் பூசி ஒட்டி, அரைக் கிலோ பட்டரும் ஒரு கிலோ ஐசிங் சீனியும் அடித்து மேலே பூசினோம். நான்கு கேக் என்று எவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனவரி முதல் ஏப்ரல் வரை பிறந்தவர்கள் இருபத்து மூவர். எண்ணெய்த்தாளைச் சுருட்டிக் கூம்பாக்கி, நுனியை வெட்டி, நிறமூட்டிய ஐசிங்கை நிரப்பிக் கொடுத்தோம். அவரவர் பெயரை அவரவரே தமிழில் எழுத வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. இதற்காகவே சில பிள்ளைகள் முதல் வாரம் கொப்பியில் பத்து முறை எழுதிப் பழகியிருந்தனர். ஐசிங் தடித்த கோடாக விழுவதால் 'ப', 'ட' போன்றவை அழகாக அமைந்தன. 'ஞ', 'ண' ஆகியவற்றின் சுழிகள் நிரம்பி அடைபட்டன. ஒரு சிறுமி தன் பெயரிலுள்ள மெய்யெழுத்துக்குப் புள்ளியிட மறந்து, கூம்பை இன்னொருவர் வாங்கிய பின்னர் ஓடிவந்து, தன் சுட்டுவிரலால் ஐசிங்கைத் தொட்டுப் புள்ளி வைத்துச் சென்றாள். நாற்பது நிமிடப் பாடத்தில் நாம் காணாத அக்கறை அது.

விளக்கிலிருந்து இருபத்து மூன்று மெழுகுவர்த்திகளும் ஏற்றப்பட்டன. அளவுகோல் வைத்துக் கோடிட்டுப் பாண் வெட்டும் கத்தியால் வெட்டினோம். அன்று அந்த நான்கு மாதங்களில் பிறந்தவர் எவருக்கும் இடாப்பில் வெற்றிடம் இல்லை. பிள்ளைகளும் பெற்றோரும் உண்டபின் பதினொரு துண்டுகள் எஞ்சின. மண்டபக் காவலாளருக்கு இரண்டு கொடுத்தோம். மிகுதியைத் தாய்மார் பொதி செய்துகொண்டனர்.

கூட்டத்தில் எம்மை வினவிய அந்தத் தாயார், அடுத்த முறைக்கென்று நான்கு பொதி பட்டர் தருவதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். மே முதல் ஓகஸ்ட் வரை பிறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் மூன்றாம் வகுப்பறைக் கதவில் ஒட்டப்பட்டுள்ளது. பெயர் விடுபட்டிருந்தால் பெற்றோர் அறியத்தரவும். மின்சார அடிகருவி வைத்திருப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமைக்கு இரவல் தந்தால் மாணவர் இருவரும் நன்றியுடையவராவர். புத்தக அலுமாரிப் பலகையை மட்டும் நாம் இன்னும் திருப்பி மாட்டவில்லை.