ஆறிய சோறு

கட்சிக்குள் மூளும் சண்டையை நம் பத்திரிகைகள் 'கோஷ்டிப் பூசல்' என்று எழுதுகின்றன. பெருமாள் கோயிலில் ஒன்றுகூடிப் பாசுரம் சேவிப்போருக்கு வழங்கும் பெயரும் கோஷ்டிதான். கூடிப் பாடுவதற்குரிய சொல், கூடாமைக்கும் பெயராயிற்றே என்று நாம் வருந்தியதுண்டு. ஜப்பானியர் இதனை எவ்வாறு சொல்கிறார்கள் என்று தேடியபோதோ, ஒரு வீட்டின் அடுக்களைக்குள் நுழைந்தது போலிருந்தது.

அங்கே கட்சிக்குள் இயங்கும் அணிக்கு 'ஹபட்சு' என்று பெயர். 1955-இல் இரு கட்சிகள் இணைந்து பிறந்த லிபரல் ஜனநாயகக் கட்சி, தொடக்க முதலே இத்தகைய அணிகளின் கூட்டாக நடந்து வந்தது. அணித் தலைவர் தம்மவர்க்குக் கோடையில் அளித்த பணம் 'பனிக்கட்டிக் காசு'; ஆண்டிறுதியில் அளித்தது 'மோச்சிக் காசு'. மோச்சி என்பது புத்தாண்டுக்கென அரிசியை இடித்துச் செய்யும் பண்டம். தலைவரைப் பதவியினின்று அகற்றும் முயற்சி 'ஒரோஷி', அதாவது கீழே இறக்குதல். பிரதமர் மிக்கிக்கு எதிராக 1976-இல் நடந்தது 'மிக்கி ஒரோஷி' எனப்பட்டது. வென்ற தரப்பு 'முக்கிய நீரோட்டம்'. தோற்றவர் கதி யாது? அவர் 'ஹியாமேஷி', அஃதாவது ஆறிய சோறு, உண்கிறார் என்பார்கள்.

அச்சொல்லில் நம் மனம் நின்றுவிட்டது. சோறு ஆறியதுதான், ஆயினும் அதே வீட்டுச் சோறன்றோ! கடைசிப் பந்தியானாலும் இலை உண்டு. நாளை முறை மாறலாம். 1979-இல் ஓஹிராவும் ஃபுக்குடாவும் ஒரே கட்சியிலிருந்து பிரதமர் பதவிக்கு எதிரெதிரே நின்றனர். கீழ்ச்சபையின் இறுதி வாக்கெடுப்பில் 138-க்கு 121 என்று ஓஹிரா வென்றார். 'நாற்பது நாள் போர்' என்று பெயர் பெற்ற அப்பூசலிலும் கட்சி பிளவுபடவில்லை. 1993-இல் ஒசாவாவும் ஹாட்டாவும் தம் அணியினரோடு இலையை விட்டு எழுந்தனர். 38 ஆண்டு ஆட்சி கைநழுவியது. நிதி முறைகேடு வெளிப்பட்டபின், 2024-இல் பல அணிகள் தம்மைக் கலைப்பதாக அறிவித்தன.

இதைப் படிக்கையில் நம் சங்கத் தேர்தலொன்று நினைவுக்கு வந்தது. அவ்வாண்டு நம் தரப்பு வென்றது. தோற்ற நண்பருக்குப் பொங்கல் விழா அழைப்பைத் தபாலில் அனுப்பினோம். நேரில் சென்று அழைக்கவில்லை. அவர் வீட்டார் வரவில்லை. அதன்பின் எந்த விழாவுக்கும் வரவில்லை. ஆறிய சோறுகூட நாம் அவருக்கு வைக்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பிழைக்க வந்த ஊரில் தமிழ் பேசும் வீடொன்று குறைவது சிறிய இழப்பா?

வரும் பொங்கலுக்கு முன் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவதென்று முடிவு செய்திருக்கிறோம்.