முதலில் எர்த்தைப் பார்

நான் விற்ற முதல் சவுண்ட் கார்டு மூன்றாம் நாளே கடைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற பெரியவர். வருடக்கணக்கில் சேர்த்த கச்சேரி கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். பதிவில் தம்புராவுக்கு அடியில் இன்னொரு தம்புரா போல ஒரு ஹம். "ஆன்போர்டு ஆடியோ அப்படித்தான் சார், தனி கார்டு போட்டா போயிடும்" என்று அடித்துச் சொல்லியிருந்தேன். சென்னை ரிச்சி தெருவில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது நாலு மாதம்.

"போகலையே தம்பி" என்று பெட்டியை மேஜைமேல் வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

கடைக்காரரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைத் திட்டவில்லை. "டெஸ்டரை எடுத்துக்கோ, சார் வீட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்றார்.

திருவல்லிக்கேணியில் பழைய வீடு. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், கேபினெட்டில் பெயின்ட் உரிந்த ஒரு ஸ்க்ரூவில் டெஸ்டரை வைத்தார் அண்ணன். மங்கலாக எரிந்தது. சுவிட்ச் பாக்ஸைக் கழற்றிப் பார்த்தால், சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தது. எர்த்துக்கான மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக, கேபினெட் பாடிக்குப் போகிற இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் உண்டு. மின்சார இரைச்சலை எர்த்தில் இறக்கிவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அந்தத் தகரத்தில் வந்து நிற்கும். தொட்டால் சுரீரென்கும். அதே கசிவு ஆடியோ கேபிள் வழியாக கேசட் டெக் பக்கம் ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் ஹம்மாகப் பதிவில் ஏறிவிடும். எந்த கார்டைப் போட்டாலும் ஏறும். மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து எர்த் இழுத்தார். ஹம் நின்றது.

அண்ணன் அத்தோடு விடவில்லை. ஒரே கேசட்டின் ஒரே துண்டை கார்டில் ஒரு முறை, ஆன்போர்டில் ஒரு முறை பதிய வைத்து, எது எது என்று சொல்லாமல் எனக்குப் போட்டுக் காட்டினார். ஐந்து முறை சொன்னேன், இரண்டு சரி. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும். இரண்டிலுமே வயலினுக்கு நடுவில் சபாவில் யாரோ இருமுவது தெளிவாகக் கேட்டது. சாதாரண ஆன்போர்டு சிப்பின் இரைச்சலே சிக்னலுக்கு 90 டெசிபல் வரை கீழேதான் இருக்கும். கேசட்டின் சொந்த இரைச்சல் அதைவிட எவ்வளவோ பெரியது. ஓட்டைப் பானையைத் தங்கத் தட்டில் வைத்தால் ஒழுகாமல் இருக்குமா?

நான் சொன்னது ஒரு காலத்தில் உண்மையாகத்தான் இருந்தது என்று அண்ணனே ஆறுதல் சொன்னார். 1989-இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்தபோது, கார்டு இல்லாத பி.சி.க்கு 'பீப்' போடத்தான் தெரியும். 1997-இல் இன்டெலின் ஏசி'97 வந்து ஒலி போர்டிலேயே ஏறியது. ஆரம்பகால போர்டுகளில் மவுஸை நகர்த்தினாலே ஹெட்ஃபோனில் கிர்ரென்று கேட்கும். 2004-இல் எச்டி ஆடியோ வந்த பிறகு நிலைமை மாறியது. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, கேம் ஒலியை நேராக கார்டிடம் ஒப்படைக்கும் வழியையும் அடைத்துவிட்டது. நான் விற்றது பத்து வருடப் பழைய ஞானத்தை.

அதற்குப் பிறகு இரைச்சலைத் துரத்துவதே என் பாடமானது. மதர்போர்டை டியூப்லைட்டுக்குச் சாய்த்துப் பிடித்தால், ஆடியோ பகுதியைச் சுற்றி செம்பு இல்லாத மெல்லிய கோடு ஒன்று தெரியும். மற்ற சர்க்யூட்டின் சத்தம் தாண்டாமலிருக்கப் போட்ட வேலி. ஆனால் முன்பக்க ஜாக்குக்குப் போகும் ஒல்லி கேபிள் அந்த வேலியைத் தாண்டி கிராபிக்ஸ் கார்டை உரசிக்கொண்டு போகும். வரும் புகாரில் பாதி அந்த கேபிள்தான். ஹெட்ஃபோனைப் பின்பக்கம் மாற்றினால் தீர்ந்தது. இதற்கு நாங்கள் காசு வாங்குவதில்லை, அண்ணனுக்கு அதில் ஒரு கர்வம்.

தனிக் கருவி தேவையே இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டிலிருந்தே டப்பிங் பேசும் ஒரு அக்கா வந்தார். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும்; போர்டின் மைக் ஜாக் தருவது சில வோல்ட்தான். தன் குரலையே ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டு பேச வேண்டுமென்றால் தாமதமும் ஆகாது: 48,000 ஹெர்ட்ஸில் 512 சாம்பிள் பஃபர் என்றால் அதற்கே 10 மில்லி செகண்டுக்கு மேல். அவருக்கு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் ஒன்றை யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார் அண்ணன். 300 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருப்பவருக்கு அதேபோல ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப். இரண்டுமே கேபினெட்டுக்கு வெளியே இருப்பவை. ஸ்லாட்டில் செருகும் கார்டை, இடியில் போர்டின் ஆடியோ செத்துப்போனவருக்கு மட்டும் நான் மனதார விற்பேன்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். "கேம்ல காலடி சத்தமே சரியா கேக்கலை, சவுண்ட் கார்டு இருக்கா அண்ணா?"

பெரியவர் திருப்பித் தந்த அந்த கார்டு டிராயரில்தான் இருந்தது. "ஹெட்செட்டை முன்னாடி சொருகுறியா, பின்னாடியா?" என்று கேட்டேன்.

"முன்னாடி."

"பின்னாடி போட்டுப் பாரு. அப்பவும் சரியா வரலைன்னா வா."

அவன் பிறகு வரவில்லை. அன்று அவன் போனதும் அண்ணன் கணக்கு நோட்டிலிருந்து தலை தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார், மறுபடி குனிந்துகொண்டார்.