பிரெஞ்சு ஊரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம்

தீவகத்து மனிதர் இருவர் உலகின் எந்த மூலையில் சந்தித்துக்கொண்டாலும், சுகம் விசாரித்த கையோடு கேட்கும் அடுத்த கேள்வி "பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம்?" என்பதாகவே இருக்கும். காணி, வீடு, கிணறு, பனங்கூடல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்குக் கையில் எஞ்சிய முதல் கல்வி ஒன்றுதான். ஆகவே இக்கேள்வியை நான் ஒருபோதும் வெறும் சம்பிரதாயமாக எண்ணியதில்லை.

அண்மையில் இக்கேள்வி என் குடும்பத்துக்குள்ளேயே ஒரு வழக்காக வந்து சேர்ந்தது. என் பெறாமகன் பாரிஸின் புறநகர் ஒன்றில் வசிக்கிறான். 1990ஆம் ஆண்டு நாங்கள் ஊர்காவற்றுறையிலிருந்து இடம்பெயர்ந்தபோது தாயின் இடுப்பில் இருந்த குழந்தை அவன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சில் கணக்குப் பார்த்து, பிரெஞ்சில் கோபப்படுகிறவன். அவன் மனைவி நயினாதீவுப் பூர்வீகம், வளர்ந்தது லண்டனில். அவளுக்கு ஆங்கிலமே எழுத்தும் சிந்தனையும். இருவருக்கும் பொதுவாய் அமைந்த ஒரே மொழி தமிழ். ஐரோப்பாவின் நடுவில் ஒரு தம்பதியர் பண்பாட்டுக் கடமையாக அன்றி, வேறு வழியில்லாத காரணத்தால் தமிழில் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது எனக்குப் பெரும் வியப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்து வந்தது.

அவர்களது மகளுக்கு இப்போது நான்கு வயது. அங்கேதான் சிக்கல் எழுந்தது.

"சித்தப்பா, இவ ஒரே பிடியாய் நிக்கிறா. பிள்ளையை இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில விடவேணுமாம். நீங்கள் பேப்பர்காரர்தானே, நாலு இடம் விசாரிச்சுச் சொல்லுங்கோ" என்றான் பெறாமகன்.

விசாரித்தேன். பிரித்தானியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தனியார் பள்ளிகள் பாரிஸைச் சுற்றி உள்ளன. அவற்றுள் பழையது நகருக்கு மேற்கே, சேன் நதிக்கரையிலுள்ள குரவாசி என்னும் ஊரில் இருக்கும், 1954இல் தொடங்கப்பட்ட பாரிஸ் பிரித்தானியப் பள்ளி. தூதரகத்தாரும் பெருநிறுவனங்களின் உத்தியோகத்தரும் இத்தகைய பள்ளிகளின் இயல்பான வாடிக்கையாளர்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு நாட்டுக்கு மாற்றப்படவிருக்கும் தகப்பனுக்கு, பிள்ளையின் படிப்பு இடையறாமல் தொடரவேண்டும் என்ற தேவை உண்டு. உலகச் சங்கத்தின் உத்தியோகத்தர் பிள்ளைகளுக்காக 1924இல் ஜெனீவாவில் உருவான சர்வதேசப் பள்ளியும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான். கட்டணத்தைப் பெரும்பாலும் நிறுவனமே செலுத்திவிடும். எங்கள் பெறாமகனுக்கோ அப்படியொரு நிறுவனம் இல்லை. ஆண்டுக்குப் பல்லாயிரம் யூரோவை அவன் தன் உழைப்பிலிருந்தே கொடுக்கவேண்டும். பக்கத்துத் தெருவிலுள்ள நகரசபைப் பள்ளியோ இலவசம்.

பணத்தை ஒருபுறம் வைப்போம். இரு முறைகளும் பிள்ளையை வெவ்வேறு படிகளில் ஏற்றுகின்றன. இங்கிலாந்தில் நான்கு வயதில் வரவேற்பு வகுப்பு. ஐந்தில் முதலாம் ஆண்டு. எழுத்தொலிகளைக் கூட்டி வாசிக்கும் பயிற்சி அப்போதே முறையாகத் தொடங்கிவிடும். பிரான்சில் மூன்று வயது முதல் ஆறு வரை மழலையர் பள்ளி. 2019 முதல் அதுவும் கட்டாயம். ஆனால் முறையான வாசிப்பு ஆறு வயதில், ஆயத்த வகுப்பு எனப்படும் முதல் வகுப்பிலேதான் ஆரம்பம். லண்டனிலிருக்கும் தமக்கையின் பிள்ளை ஐந்து வயதில் கதைப்புத்தகம் வாசிக்க, தன் பிள்ளை படம் கீறிக்கொண்டிருக்கிறதே என்று தாய் பதைப்பது இயல்பே. பத்து வயதில் இந்த வித்தியாசம் தேடினாலும் கிடைக்காது என்று அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் தாயிடம் பத்து வயதைப் பற்றிப் பேசுவது எளிதன்று.

இவ்விடத்தில் ஒரு சமூக உண்மையையும் குறிப்பிட வேண்டும். 1990களின் பிற்பகுதி தொடக்கம் பிரான்ஸ், ஜெர்மனி, ஒல்லாந்து முதலிய நாடுகளில் குடியுரிமை பெற்ற நம்மவர் பலர், பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவே லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். நிரந்தர வேலையையும் சொந்த வீட்டையும் விட்டு, மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்கினார்கள். அந்த வாசல் 2020 டிசம்பர் 31உடன் அடைபட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியபின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் நினைத்தபடி லண்டனில் சென்று குடியேற முடியாது. லண்டனுக்குப் போக முடியாவிட்டால் லண்டனைப் பாரிஸுக்குள் தேடும் எண்ணம் இப்படித்தான் வருகிறது.

இந்த ஆங்கில ஆசை புலம்பெயர்ந்த பின் வந்ததென்று நினைத்தால் நம் தீவுகளின் சரித்திரத்தை மறந்தவர்களாவோம். பிரெஞ்சுக்காரர் நடத்த, ஆங்கிலம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் நம்மிடையே ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார்கள். 1816இல் தென்பிரான்சில் தோன்றிய அமலமரித் தியாகிகள் சபையின் குருமார் 1847இல் இலங்கைக்கு வந்தனர். 1868 முதல் 1950 வரை, 82 ஆண்டுகள், யாழ்ப்பாணத்தின் கத்தோலிக்க ஆயர்களாக இருந்தோர் ஐவரும் பிரெஞ்சுக்காரர்: பொஞ்ஜீன், மெலிசான், ஜூலேன், புறோ, கியோமார். அவர்களில் முதல்வரான பொஞ்ஜீன் ஆண்டகை, தமிழகத்தில் பணியாற்றிய பின் 1856இல் யாழ்ப்பாணம் வந்தவர். சமயப் பாடசாலைகளுக்கு அரச உதவிப்பணம் வேண்டுமெனப் பிரசுரங்கள் எழுதி வாதாடியவர். அவர் காலத்தில், 1876இல், யாழ்ப்பாணத்திலிருந்து கத்தோலிக்கப் பத்திரிகை ஆங்கிலத்திலும், 'சத்தியவேத பாதுகாவலன்' என்ற பெயரில் தமிழிலும் வெளிவரத் தொடங்கியது. பிரெஞ்சில் வெளிவரவில்லை என்பதைப் பத்திரிகைக்காரனாகிய நான் கவனிக்கத் தவறுவதில்லை.

ஆட்சி ஆங்கிலேயருடையது, உத்தியோகமும் பரீட்சையும் ஆங்கிலத்தில். ஆகவே பிரெஞ்சுக் குருமார் தம் தாய்மொழியைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மேடையில் தமிழும் வகுப்பறையில் ஆங்கிலமுமாகப் பணி செய்தார்கள். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரி அந்த மரபில் வந்தது. கிளறிக்கல் உத்தியோகம் முதல் மலாயாப் புகையிரத வேலை வரை அக்காலத்து யாழ்ப்பாணத்தாரை ஏற்றிவிட்ட படிக்கட்டு ஆங்கிலம் என்பதை யாரும் மறுக்க முடியாது. அதற்கு நாம் கொடுத்த விலையையும் மறுக்க முடியாது. தமிழ்ப் பாடசாலை ஏழைக்கு, கட்டணம் வாங்கும் ஆங்கிலப் பாடசாலை வசதியுள்ளவனுக்கு என்று ஒரே கிராமம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும், அதனுடன் தொடக்க வகுப்புகளில் தாய்மொழி போதனாமொழியானதும் அந்தப் பிளவைக் குறைத்தன.

இந்த ஏற்ற இறக்கம் இரண்டையும் ஒரே வாழ்க்கையில் காட்டியவர் தனிநாயகம் அடிகள். 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தவர். புனித அந்தோனியாரிலும் பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியாரிலும் படித்தவர். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்த அவர், தமிழிலக்கியத்தை ஆழமாகக் கற்கத் தொடங்கியது குருவானவராகித் தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய 1940களில்தான்; அதன் பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். பிறந்த மண்ணின் வகுப்பறை கொடுக்காததை முப்பது வயதில் கடல்கடந்து தேட வேண்டியிருந்தது. தேடியதை உலகத்துக்கே கொடுத்தார். அவர் முன்னின்று 1964இல் உருவாக்கிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் மூன்றாவது மாநாடு 1970இல் நடந்த நகரம் எது தெரியுமா? பாரிஸ்.

இவற்றையெல்லாம் பெறாமகனுக்கும் மருமகளுக்கும் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். மருமகள் பொறுமையாகக் கேட்டாள். பின்பு அவள் கேட்டது என்னை நிறுத்தி வைத்தது.

"மாமா, சரித்திரம் சரி. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் தலையிடியெண்டால் அந்தப் பள்ளிக்கூட வாசலில நான் நிண்டு ரீச்சரோட என்ன பாஷையில கதைக்கிறது? அவரெண்டால் விடிய வேலைக்குப் போனால் இரவிலதான் வாறார்."

அவள் பிடிவாதத்தின் வேர் ஆங்கில மோகத்தில் இல்லை, தனிமையில் இருந்தது. பிள்ளை பிரெஞ்சுக்குள் போனால் தான் வெளியே நிற்கவேண்டி வருமென்ற பயம். ஆங்கிலப் பள்ளிக்குப் போனாலோ தாயும் மகளும் ஆங்கிலத்தில் ஒன்றாகிவிட, பெறாமகன் வெளியே நிற்பான். பிள்ளைக்குத் தன் தெருவில் ஒரு விளையாட்டுத் தோழியும் இருக்கமாட்டாள். எந்தப் பள்ளியைத் தெரிந்தாலும் ஒருவர் வாசலில் நிற்கவேண்டிய வீடு அது. வேலணையில் இருக்கும் என் அண்ணிக்கோ வேறு கவலை. பேத்தி இன்று "அப்பம்மா, ஆட்டுக்குட்டி எங்க?" என்று கேட்கிறாள், நாளை எந்த மொழியில் கேட்பாள்?

நான் சொன்ன யோசனை இதுதான். வாழும் ஊரின் மொழி பிள்ளைக்கு அவசியம். அதை நகரசபைப் பள்ளி இலவசமாகவே தரும். ஆங்கிலத்துக்குத் தாயே போதும். இரவுக் கதைப்புத்தகம் அவள் பொறுப்பு. பின்னாளில் வேண்டுமானால் பிரெஞ்சு அரச பள்ளிகள் சிலவற்றில் பிரித்தானியச் சர்வதேசப் பிரிவுகள் உண்டு; அங்கே ஆங்கில இலக்கியத்தை ஆங்கிலத்திலேயே படிக்கலாம். மூவரும் ஒன்றாக அமரும் மேசையில் தமிழ். இது மொழிப்பற்றுக்காக நான் விதித்த சட்டமன்று. அம்மேசையில் எவரையும் வெளியே நிறுத்தாத மொழி அது ஒன்றே. மருமகளுக்கும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும். குடியேறிய பெற்றோருக்குப் பள்ளிகளிலேயே இலவசமாகப் பிரெஞ்சு கற்பிக்கும் அரச திட்டமொன்று பிரான்சில் பல இடங்களில் நடந்து வந்திருக்கிறது. அதைத் தேடி விசாரிக்கும் பொறுப்பைப் பெறாமகனிடம் ஒப்படைத்தேன்.

பிள்ளையை நகரசபைப் பள்ளியில் பதிந்துவிட்டார்கள். மருமகள் முழு மனதோடு சம்மதித்தாள் என்று சொல்லமாட்டேன். ஒரு வருடம் பார்ப்போம் என்பதே அவள் வார்த்தை. அது நியாயமான வார்த்தை. இதே இக்கட்டைக் கடந்துவந்த வாசகர்கள் பாரிஸிலும் லொசானிலும் மொன்றியலிலும் பலர் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.