பனைக்கு ஞாயிறு தெரியாது

ஓய்வுநாள் சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்ற வழக்கு தமிழ்நாட்டில் எங்கள் நாசரேத் பக்கத்துக்குப் புதிதல்ல. 1857இல் அருமைநாயகம் என்ற சட்டம்பிள்ளை வெள்ளைக்கார மிஷனெரியோடு முறித்துக்கொண்டு, அடுத்துள்ள பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டார். ஐரோப்பியர் வழக்கம் வேண்டாம், வேதத்தில் உள்ளதே போதும் என்பது அவர் நிலை. வேதத்தில் ஓய்வுநாள் ஏழாம் நாள். ஆகவே அவர் சபையார் சனிக்கிழமை ஆராதித்தார்கள். பின்னாளில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையாரும் அங்கே வந்து வேரூன்றினார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவர்கள் வீடுகளில் ஓய்வுநாள் தொடங்கிவிடும். மறுநாள் பொழுது சாயும்வரை கடைகண்ணி, கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. எத்தியோப்பியாவின் பழைய சபை இரண்டு நாளையுமே ஆசரிக்கிறது. சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேயினர் என்று மற்ற நாங்களெல்லாம் இயேசு உயிர்த்தெழுந்த நாளென்று ஞாயிற்றைப் பிடித்துக்கொண்டோம்.

இந்த வாதத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. சனிக்கிழமைப் பரீட்சையை எழுதாமல் ஒரு வருடத்தையே விட்டுக்கொடுக்கிற பிள்ளையின் விசுவாசம் பெரிது. ஆனால் எந்த நாள் என்பதைவிட, யாருக்கு ஓய்வு என்ற கேள்விதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது.

பதனீர்க் காலத்தில் பனையேறி காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவியாக வேண்டும். சீவாமல் விட்டால் சுரப்பு நின்றுபோகும். பனைக்கு ஞாயிறு தெரியாது. முதல் மணி அடிக்குமுன் ஏறி இறங்கி, குளித்து, வெள்ளை வேட்டியோடு ஆராதனைக்கு வந்து உட்கார்ந்த பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். அவர்கள் கட்டளையை மீறினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமை ஓய்வைச் சட்டமாக்கியபோது, நீதிபதிகளையும் நகரத்தாரையும் ஓய்ந்திருக்கச் சொன்னார். உழவர்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். விதைக்கும் பருவம் தவறினால் திரும்ப வாராது என்பதுதான் காரணம்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில், ஆறு நாளில் உலகைப் படைத்த தேவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது காரணம். உபாகமத்தில் காரணம் வேறு: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறட்டும். மாடும் கழுதையும்கூட அந்தப் பட்டியலில் உண்டு. எங்கள் பிரசங்கங்களில் முதல் காரணத்தைக் கேட்ட அளவுக்கு இரண்டாவதை நான் கேட்டதில்லை.

அதைக் கேட்டிருந்தால் எங்கள் அடுப்படிகள் மாறியிருக்கும். எங்கள் ஆச்சி சனிக்கிழமை இரவே மசாலா அரைத்து, விறகு ஒடித்து வைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக்கூடாது என்பதற்காக அவள் முந்தின நாளே இரண்டு நாள் பாடு பட்டாள். இன்று அந்த விரதமும் இல்லை. ஆராதனை முடிந்து வருகிற வழியில் ஆட்டுக்கறி வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு ஆண்கள் படுத்துவிடுகிறோம். வாரத்திலேயே பெண்களுக்கு அதிக வேலை கர்த்தருடைய நாளில்தான். நகரத்தில் அடுப்பு மூட்டாத வீடுகள் செல்போனில் பிரியாணி சொல்லுகின்றன; அதைக் கொண்டுவருகிற பையனும் கிறிஸ்தவனாக இருக்கலாம், அவனுக்கும் ஆராதனை இருந்திருக்கலாம்.

2019இல் தமிழ்நாடு அரசு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க அனுமதித்தது. ஒவ்வொரு பணியாளுக்கும் வாரத்தில் ஒருநாள் முறைவைத்து விடுமுறை தர வேண்டும் என்றும் சொன்னது. கடை ஓய்வதில்லை, ஆளாவது ஓயட்டும் என்ற அந்த நிபந்தனை நடைமுறையில் இருக்கிறதா என்று கேட்பது சபையின் வேலை என்று நினைக்கிறேன். காணிக்கைக் கணக்கு வாசிக்கிற மேடையிலிருந்தே இதைக் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவிடம், வாரம் ஒருநாள் சம்பளப் பிடித்தமில்லாமல் லீவு எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டோம். "ஞாயிறு எனக்கு எதுக்கு சார்? செவ்வாய்க்கிழமை குடுங்க, மாரியம்மன் கோயிலுக்குப் போவணும்" என்றார். செவ்வாய்க்கிழமையே என்று முடிவாயிற்று. அன்று பாத்திரம் என் பொறுப்பு.